பத்தொன்பதாம் பங்கு

இளவரசனுக்கு இனிகோ கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.

கடன் கொடுத்த இளவரசன் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆகிவிட்டது. அதற்காகக் கடன் இல்லை என்று ஆகிவிடுமா? தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றும் லோடுமேன்களின் கொட்டகையில், கதவின் உள்பக்கம், சாக்பீஸால் அந்தத் தொகை எழுதியிருந்தது. காலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதெல்லாம் இனிகோ அதைப் பார்த்தாக வேண்டும். ஒருநாள் சட்டையை வேறு ஆணியில் மாட்டிப் பார்த்தான். அங்கிருந்தும் தெரிந்தது.

மாலத்தீவுக்கு வெங்காயமும் அரிசியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போகிற தோணிகள் அங்கேதான் கட்டிக் கிடக்கும். ஏற்றுகிற செட்டில் ஆட்கள் பதினெட்டுப் பேர். சனிக்கிழமை கூலியைப் பிரிக்கும்போது பங்கு பத்தொன்பது. பதினெட்டுப் பங்கு உயிரோடு இருக்கிறவர்களுக்கு. பத்தொன்பதாவது இளவரசன் வலம்புரியானுக்கு.

வலம்புரியான் கொற்கையில் இருந்த ஒரு ராஜாவின் பிள்ளை. ராஜாவுக்குப் பிள்ளை இல்லாமல் இருந்து, கடலில் எடுத்த வலம்புரிச் சங்குக்குள் கிடைத்தவன் என்பது கதை. சங்குக்குள் பிள்ளை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய வீட்டு விஷயம். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கப் போகிறவர்களைச் சுறா தின்றுகொண்டிருந்ததாம். வலம்புரியான் இடுப்பு அரைஞாணை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினான். சுறாக்களின் ராஜா எதிரே வந்து, "சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவனை அனுப்புகிறவனுக்காக நான் வாயைக் கட்ட மாட்டேன். நீயும் இந்தத் தோணியில் ஒரு பங்குக்காரனாக இருந்தால் கட்டுகிறேன்" என்றது. வலம்புரியான் சிம்மாசனத்தை விட்டான், பங்கைக் கேட்டான். அரைஞாணால் சுறாவின் வாயில் முடிச்சும் போட்டான். அவன் பங்கு எடுத்து வைக்கப்படுகிற வரைக்கும் முடிச்சு அவிழாது என்று ஏற்பாடு.

மேலே வந்தவன் தோணிக்காரரிடம் ஒரு பொன் காசு முன்பணமாக வாங்கினான். கரையேறி அதில் கள் குடித்தான். மறுபடி முங்கினான். அதோடு வரவேயில்லை.

சுறா தின்றுவிட்டது என்று ஒரு கட்சி, சுறா ராஜாவின் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்று ஒரு கட்சி. வாயைக் கட்டிய சுறா எப்படித் தின்னும் என்பதால் இரண்டாவது கட்சிக்கே ஆள் அதிகம். பொன் காசு கொடுத்த தோணிக்காரருக்குக் கதையில் பெயர் இல்லை. அதனால் அவர் எல்லோருக்கும் பாட்டன். இனிகோவின் அப்பா, "அந்தத் தோணிக்காரரு நம்ம வழிடே" என்று சொல்லித்தான் செத்தார். செட்டில் மற்றப் பதினேழு பேருடைய அப்பன்மாரும் அதையே சொல்லியிருந்தார்கள்.

இளவரசன் அன்றைக்குச் செய்த காரியங்களைச் செட்டு இன்றுவரை ஒன்றுகூட விடாமல் செய்துகொண்டிருக்கிறது. மேஸ்திரியானாலும் லோடுமேனானாலும் பங்கு சமம். ராஜா மகனே ஒரு பங்குதான் கேட்டான். முதல் மூட்டையைத் தொடுமுன் முன்பணம் வாங்கியாக வேண்டும், அவனும் வாங்கினான். ஒருவன் பத்து மணிக்கு ஆடி அசைந்து வந்து, ஏன் நேரம் என்று கேட்டால், "இளவரசனே இன்னும் வரல, நான் வந்துட்டேம்லா" என்பான். அதற்குமேல் மேஸ்திரிக்குப் பேச்சு இருக்காது.

முத்துக்குளிப்பு நின்று ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. மூட்டை தூக்குகிறவனைச் சுறா கடித்ததாக இந்தத் துறைமுகத்தில் ஒரு பேச்சுக்கூடக் கிடையாது. பங்கு ஒழுங்காகப் போவதால்தான் கடிக்கவில்லை என்று பவுல் சொல்வான். பவுல் இனிகோவுக்கு ஜோடி. இனிகோ மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தால் அவன் மறுமுனையைப் பிடிப்பான், பிடித்தபடியே பேசுவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் வலம்புரியான் ராஜா வீட்டுப் பிள்ளை என்பதைக் காட்டிவிட்டான். மூட்டை தண்ணீருக்குள் விழுந்தால் தோணி முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். அந்த நஷ்டத்தைப் பிரிக்கும்போது பதினெட்டுப் பங்குதான். அங்கே இல்லாதவன் கையிலிருந்து மூட்டை எப்படி விழும்? கூலிக்கு இருப்பான், நஷ்டத்துக்கு இருக்க மாட்டான்.

இளவரசன் பங்கு ஒரு தகரப் பெட்டிக்குள் சேரும். சாவி மேஸ்திரி லிங்கராஜ் அண்ணாச்சியின் இடுப்பில். செட்டுக்காரன் எவனுக்கும் கைமுட்டு என்றால் இளவரசனிடம் வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். கதவில் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டு வாங்க வேண்டும், தோணி ஓடும் காலத்தில் கட்ட வேண்டும். தூத்துக்குடியில் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடாத ஒரே கடன்காரன் வலம்புரியான்தான். லிங்கராஜ் அண்ணாச்சியும் வாங்குவார். ஆனால் கதவில் அவர் பெயர் இருக்காது. மற்றவர்கள் வாங்கினால் கடன், அவர் வாங்கினால் கைமாற்று.

இனிகோ வாங்கியது சுவருக்கு. மார்கழியில் வந்த வெள்ளம் அவன் வீட்டின் மேற்குச் சுவரை அப்படியே கரைத்துக்கொண்டு போனது. அரைச் சுவர் எழும்பியபோது பணம் தீர்ந்தது. மீதி அரைக்கு ஒரு கிழிந்த தார்பாயைக் கட்டினான். அதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. முதுகுக்கு இன்னொரு கடன். சுவரும் முழுசாக நிற்கவில்லை, முதுகும் முழுசாக நிமிரவில்லை. கதவில் தொகை மட்டும் முழுசாக நின்றது.

இதெல்லாம் ராஜபாண்டி முதலாளி வருகிற வரைக்கும் ஒரு கவலையாகவே இருந்ததில்லை.

ராஜபாண்டி விளாத்திகுளம் பக்கம் கரி மூட்டம் போட்டு ஆரம்பித்தவர். கரியில் லாரி வந்தது, லாரியில் கன்டெய்னர் யார்டு வந்தது. பணம் வந்த பிறகு ஒரு நல்ல முன்னோர் இல்லாத குறை மட்டும் இருந்தது. வரப்போகிற தேர்தலில் ஒரு சீட்டு கேட்கலாம் என்று நினைத்தார். வெறுங்கையோடு கேட்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு வம்ச வரலாறு எழுதித் தருகிற ஒருவரைப் பிடித்தார். அவர் ராஜபாண்டியின் தாத்தாவில் தொடங்கிப் படிப்படியாக மேலே போய், ஏழாவது அத்தியாயத்தில் வலம்புரியானைத் தொட்டார். புத்தகம் அச்சாகி வந்த வாரமே ராஜபாண்டி வெள்ளை வேட்டியும் புத்தகமுமாகக் கொட்டகைக்கு வந்து இறங்கினார். காற்றில் வந்த கருவாட்டு வாடைக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். அவருக்கு மீன் ஆகாது.

அவர் திட்டம் இது: துறைமுக வாசலில் இளவரசனுக்கு ஒரு சிலை. சுறா மேல் உட்கார்ந்த மாதிரி. சிலைக்குக் கீழே, 'வாரிசு ராஜபாண்டி' என்று கல்வெட்டு. பெட்டியில் இருக்கும் பணம் மக்கள் பங்களிப்பாக அவர் கைக்கு வர வேண்டும். பெட்டியைக் கொடுத்தால் லிங்கராஜ் அண்ணாச்சி விழாக்குழுவின் துணைத் தலைவர்.

அண்ணாச்சி அன்று சாயங்காலமே துணைத் தலைவர் மாதிரி பேசத் தொடங்கிவிட்டார்.

"ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஆவணி மொத சனிக்கிழமை இளவரசன் நாளு. அன்னைக்குப் பெட்டியத் திறந்து மொதலாளி கையில முழுசா ஒப்படைக்கோம். கதவுல பேரு இருக்கவன்லாம் அதுக்குள்ள கட்டிரணும். கட்டலன்னா செட்டுல எடம் கிடையாது. அந்த எடத்துக்கு மொதலாளி யார்டுலேருந்து ஆளு ரெடியா நிக்கி."

மற்றவர்கள் பெயருக்கு எதிரே ஆயிரம், இரண்டாயிரம் என்றுதான் இருந்தது. எல்லாக் கண்ணும் இனிகோ பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, இத்தன வருசத்துல இளவரசன் ஒரு வார்த்த கேட்டதில்லையே" என்றான் இனிகோ.

"அவரு கேக்க மாட்டாருடே. இப்ப வாரிசு வந்துட்டுல்லா."

"இத்தன நூறு வருசம் கழிச்சா பிரசவம் ஆச்சு?" என்றான் பவுல்.

"ஏலே பவுலு, வாயக் கட்டு."

"சுறாவுக்குக் கட்டுன கயிறு மிச்சம் இருந்தா குடுங்க, கட்டிக்கிடுதேன். ஆமா, வெளாத்திகுளத்துல ஏது அண்ணாச்சி கடலு?"

"அப்ப இருந்துச்சாம். பொறவு வத்திட்டாம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அதான் அங்கன இம்புட்டுத் தண்ணிக் கஷ்டமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இனிகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. செட்டில் இடம் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அப்பன் தூக்கி, அண்ணன் தூக்கி, அண்ணன் மணப்பாட்டில் பெண் எடுத்துக் கடலோடப் போனபிறகு இவனுக்கு வந்த இடம். அம்பத்து நாலு வயசில், அந்த முதுகை வைத்துக்கொண்டு வேறு செட்டில் போய் நின்றால், மூட்டையைத் தொடுமுன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

மறுவாரம் கொட்டகை வாசலில் ஒரு பிளெக்ஸ் ஏறியது. சுறா மேல் இளவரசன். முகம் ராஜபாண்டியின் முகம், மீசை மட்டும் கூடுதல். கிரீடம், கவசம், வாள் எல்லாம் ஒட்டவைத்த பிளெக்ஸ் கடைக்காரன், வாள் பிடித்த கையில் இருந்த கைக்கடிகாரத்தை அழிக்க மறந்துவிட்டான்.

பவுல் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான். "மணிக்கட்டுல வாச்சு இருந்துமாடே இந்த மனுசன் இன்னும் வேலைக்கு வரல?"

வீட்டில் இனிகோவின் மனைவி ஞானபாய் இறால் கம்பெனியிலிருந்து வந்து, வெந்துபோன விரல்களை உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஐஸில் கிடக்கும் இறாலை உரிக்கிற விரல்கள். இனிகோ விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் தலையைத் தூக்கவில்லை.

"அந்த இளவரசன் சாவும்போது என்ன வச்சிட்டுச் செத்தான்?" என்றாள்.

"ஒண்ணும் வைக்கல. அவன் பாட்டுக்கு முங்குனான்."

"கடன வச்சிட்டுச் செத்தான். அவனே ஒரு கடன்காரன். ஊருல வேற ஆளே கெடைக்கலன்னு அவன்ட்ட போய்க் கைய நீட்டிருக்கீங்க."

"வட்டி கேக்கலயே ஞானம்."

"செத்தவன் எப்படிங்க வட்டி கேப்பான்? உயிரோட இருக்கவன் வந்து கேக்கான்லா, இப்ப குடுங்க."

தார்பாய் காற்றில் படபடவென்று அடித்தது.  பிறகு அவள் விரலைத் துடைத்துக்கொண்டு காதுக் கம்மலைக் கழற்றினாள். திருகாணி இறுகியிருந்தது. அதைத் திருகியபடியே, "இத வச்சா ஒம்பதாயிரம் தருவான். போய்க் கால்ல விழுங்க. மிச்சத்துக்குத் தவணை கேளுங்க. இளவரசன் பேரனுக்குக் கொஞ்சமாவது ராஜா மனசு இருக்காதா?" என்றாள்.

"ராஜா மனசு இருக்குன்னுதான் புஸ்தகத்துல போட்டிருக்காம்."

"அப்ப இருக்காது" என்றாள் ஞானபாய்.

ஆவணி முதல் சனிக்கிழமை தோணிகள் மறுபடி ஓடத் தொடங்குகிற நேரம். இளவரசன் நாளுக்கு என்று தனிச் சடங்கு ஒன்றும் கிடையாது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் பெட்டி மேல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், மற்றவர்கள் ஒரு தேங்காய் உடைப்பார்கள், பிறகு எல்லோரும் டீ குடிப்பார்கள். கோயிலும் கேட்காது, சர்ச்சும் கேட்காது. இந்தத் தடவை ராஜபாண்டி ஒலிபெருக்கி கொண்டுவந்தார். ஆளுக்கொரு பாக்கெட் மக்ரூன் கொண்டுவந்தார். அவருடைய ஆபீஸ் ஆள் ஸ்டெபின், போனை ஒரு குச்சியில் மாட்டி எல்லாவற்றையும் நேரடியாக ஓடவிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுப் பெண்களும் வந்து பின்னால் நின்றார்கள். மற்ற கடன்காரர்கள் முந்தின நாளே கட்டிவிட்டதால், கதவில் இனிகோவின் பெயர் மட்டும் தனியாக இருந்தது.

ராஜபாண்டி மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சுத் தமிழில் பேசமாட்டார். மைக் கையில் இருந்தால் அவருக்கு வேறு நாக்கு.

"என் பாட்டனார் வலம்புரியான் விட்டுச் சென்ற புகழ் என் சொத்து! அவர் விட்டுச் சென்ற பாரமும் என் சொத்து! அவர் பெற்றதெல்லாம் நான் பெற்றது! அவர் தர வேண்டியதெல்லாம் நான் தர வேண்டியது! இதோ, இந்தக் கடலைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்!"

லிங்கராஜ் அண்ணாச்சி முதலில் கை தட்டினார். மக்ரூன் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் தட்டினார்கள்.

"அடுத்து..." என்று தொண்டையைச் செருமினார் அண்ணாச்சி. "கதவுல ஒரு பேரு பாக்கி இருக்கு. ஏலே இனிகோ, முன்னால வா."

இனிகோ போனான். கைக்குட்டையில் முடிந்த ஒன்பதாயிரத்தை இரண்டு கையாலும் நீட்டினான். காலில் விழத்தான் நினைத்தான், ஆனால் முதுகு வளையவில்லை. நின்றபடியே பேச வேண்டியதாயிற்று.

முப்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவன் வாயில் வருகிற ஒரு வார்த்தை உண்டு. லோடுமேன் எவனும் கையில் காசு இல்லையென்றால் அதைத்தான் சொல்வான். ராஜபாண்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றபோதே அது அவன் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதில் சூது ஒன்றும் இல்லை. வேறு எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"மொதலாளி, இதுல ஒம்பதாயிரம் இருக்கு. பாக்கிய அட்வான்ஸ்ல கழிச்சிக்கிடுங்க."

"எந்த அட்வான்ஸ்?"

"உங்க பாட்டனாரு எங்க பாட்டன்ட்ட வாங்குனது. அந்தப் பொன் காசு. வாங்கிட்டு மறுபடி முங்குனாருல்லா, வேலைக்கு வரலயே. அது அப்படியே நிக்குதுல்லா மொதலாளி. அதுல கழிச்சிக்கிடுங்கன்னு சொல்லுதேன்."

 ராஜபாண்டி மைக்கைக் கீழே இறக்கினார். "என்னவே சொல்லுதான் இவன்?" என்று லிங்கராஜ் அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "கதையில அப்படி இருக்கத்தான் செய்யுது மொதலாளி."

"என் புத்தகத்துல இல்லையே!"

"புஸ்தகம் போன மாசம் வந்தது. கதை அதுக்கு முந்தியே இருக்கு" என்றான் பவுல். "பங்கு கதையிலதான் இருக்கு. பெட்டியும் கதையிலேருந்துதான் வந்துச்சு. பெட்டி வேணும், காசு வேண்டாம்னா எப்படி மொதலாளி?"

ராஜபாண்டி இனிகோ பக்கம் திரும்பினார். "அந்தத் தோணிக்காரன் உன் பாட்டன்னு என்னவே ஆதாரம்?"

 பவுல் முந்திக்கொண்டான். "இளவரசன் உங்க பாட்டன்ங்கதுக்கு என்ன ஆதாரமோ, அதே ஆதாரந்தான்."

"அவனுக்கு மட்டுமா பாட்டன்? எங்க அய்யாவும் அதான் சொன்னாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வழியுந்தான்" என்றது இன்னொன்று. ஒரு நொடியில் பதினெட்டுப் பேரும் தோணிக்காரரின் பேரன்மாராகி முன்னால் வந்து நின்றார்கள். ஒரே ஒரு பொன் காசுக்கு இத்தனை வாரிசா என்று யாருக்கும் வெட்கமாக இல்லை.

ஞானபாய் பெண்கள் நடுவிலிருந்து, "மொதலாளி, அந்தப் புஸ்தகம் எழுதுன அய்யா வீடு எங்கன இருக்குன்னு சொல்லுங்க. நாங்களும் சீட்டு போட்டு ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்கிக்கிடுதோம்" என்றாள். கம்மல் இல்லாத காதைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

லிங்கராஜ் அண்ணாச்சி கணக்குக்காரர். பங்கு பிரித்துப் பிரித்துப் பழகியவர். எந்தப் பேச்சிலும் தொகை வந்துவிட்டால் அவருக்கு அது முடிகிற வரைக்கும் சோறு இறங்காது. துணைத் தலைவர் பதவி அவரை விட்டு மெல்ல இறங்கி, மேஸ்திரி மேலே வந்தார்.

"ஒரு காசு, ஒரு பவுன்னு வச்சிக்கிடுவோம். பவுன் விக்கிற வெல தெரியும்லா?"

"வட்டி?" என்றான் பவுல்.

"அந்தக் காலத்து வட்டி என்னன்னு தெரியலயே."

"நம்ம ஊரு வட்டியே போடுங்க. நூத்துக்கு அஞ்சு."

"மாசத்துக்கா, வருசத்துக்கா?"

"மாசத்துக்குத்தான. நம்மட்ட எவன் வருசக் கணக்குல வாங்குதான்?"

அண்ணாச்சி போனை எடுத்துக் கணக்குப் போட்டார். எத்தனை நூறு வருஷம் என்பதில் சண்டை வந்தது. குறைந்த கணக்கிலேயே போடுவோம் என்று பெருந்தன்மையாக முடிவு செய்தார்கள். அப்படியும் கொஞ்ச தூரம் போனதும் போன், எண்களைக் காட்டுவதை நிறுத்திவிட்டு ஒரே ஓர் எழுத்தைக் காட்டியது.

"என்ன அண்ணாச்சி?"

"தாங்கலடே. நிண்ணு போச்சு."

"அதோட வுழுந்த மூட்டை நஷ்டம் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். "ஒரு மூட்டைக்குக்கூட இதுவரை இளவரசன் பங்கு கட்டல."

ராஜபாண்டிக்கு வேர்த்துவிட்டது. ஸ்டெபினின் காதருகே குனிந்து, "ஆஃப் பண்ணுடே" என்றார்.

"பண்ணலாம் மொதலாளி. வெளாத்திகுளத்துலேருந்து மட்டும் எரநூறு பேரு பாக்காங்க. இப்ப ஆஃப் பண்ணுனா கடன் கேட்டதும் ஓடிட்டாருன்னு போடுவாங்க. ஏற்கெனவே ஒருத்தன் 'காசு எங்கே'ன்னு போட்டுட்டான்."

"அப்ப என்னடே செய்ய?"

"நீங்க வேணும்னா, இளவரசன்லாம் சும்மா கதைன்னு சொல்லிரலாம்."

ராஜபாண்டி பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். சுறா மேல் இருந்த ராஜபாண்டி, கையில் கடிகாரத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தார். அச்சடித்த புத்தகம் ஆயிரம் பிரதி வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. சிம்மாசனத்தை விடுவது அவர் பாட்டனாருக்கு எளிதாக இருந்திருக்கலாம். அவருக்கு அப்படி இல்லை.

மறுபடி மைக்கைத் தூக்கினார். அதோடு நாக்கும் மாறியது.

"உழைப்பாளி இனிகோவின் கண்ணீரைக் கண்டேன்!" என்றார். இனிகோ அழவில்லை, வேர்வைதான். "ஏழைகளுக்காகச் சிம்மாசனத்தையே துறந்த வம்சம் எங்கள் வம்சம்! இளவரசர் வலம்புரியான் சார்பில், அவரது வாரிசாகிய நான், இனிகோவின் கடன் முழுவதையும் இந்த நிமிடமே தள்ளுபடி செய்கிறேன்!"

இந்தத் தடவை யாரும் சொல்லாமலே கை தட்டினார்கள்.

"முழுசாவா மொதலாளி?" என்றான் இனிகோ. காது சரியாகக் கேட்டதா என்று அவனுக்குச் சந்தேகம்.

"முழுசா!"

"இந்த ஒம்பதாயிரம்?"

ராஜபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "அதையும் நீயே வச்சிக்கோ!"

கைக்குட்டை முடிச்சு இனிகோவின் கையிலிருந்து ஞானபாயின் கைக்கு எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் அப்போதே அடகுக் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப பெட்டிய வண்டியில ஏத்தலாமா?" என்று ஸ்டெபின் மெதுவாகக் கேட்டான்.

லிங்கராஜ் அண்ணாச்சி சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகினார். "பெட்டி இங்கனயே இருக்கட்டும் தம்பி. மொதலாளி தள்ளுபடி பண்ணுனது அவுக பாட்டனுக்கு வரவேண்டிய கடன. எங்க பாட்டன் குடுத்த காச நாங்க தள்ளுபடி பண்ணலல்லா. அந்தக் கணக்கு முடியுற வரைக்கும் பெட்டி ஈடா இருக்கட்டும்."

"கணக்கு எப்ப முடியும்?"

"இளவரசன் வந்ததும் கேட்டுருவோம்" என்றான் பவுல்.

கார் போனது. ஒலிபெருக்கி போனது. அடுத்த மாதம் ராஜபாண்டிக்கு வேறொரு முன்னோர் கிடைத்துவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் படை நடத்திய ஒரு வீரராம். யாரிடமும் கைநீட்டி ஒரு காசு வாங்காதவர் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்களாம். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு, ஆட்கள் கலைந்து டீக்கடைப் பக்கம் போகத் தொடங்கியதும் இனிகோ அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கி வந்தான்.

"அந்த பிளெக்ஸ யாராச்சும் எடுத்துக்கிடுதாங்களா அண்ணாச்சி?"

"எதுக்குடே?"

"மேக்குச் சொவத்துக்கு."

அண்ணாச்சி பிளெக்ஸ் கட்டிய கம்பைத் தட்டிப் பார்த்தார். "எடுத்துக்கோ. கம்ப மட்டும் வச்சிரு."

பவுலும் அவனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்து இறக்கினார்கள். நல்ல கனமான பிளெக்ஸ். இரண்டு மழைக்காலம் தாங்கும். சுருட்டும்போது ஞானபாய் வந்து நின்றாள்.

"மூஞ்சி உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று இனிகோ கேட்டான்.

"வெளிப்பக்கம் வைங்க. மழைல அவரே நனையட்டும்."

சுருட்டியதைத் தோளில் போட்டுக்கொண்டு இனிகோ கிளம்பவில்லை. கொட்டகைக் கதவருகே நின்றுகொண்டே இருந்தான். அண்ணாச்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "ஆமால்லா" என்று சொல்லித் தோள் துண்டை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். கதவில் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். இனிகோ என்ற பெயர் போனது. முப்பத்தெட்டாயிரம் போனது, நானூறும் போனது. மரம் பிளந்திருந்த இடத்தில் அறுபது மட்டும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"அது கெடக்கு, காஞ்சா போயிரும்" என்றார் அண்ணாச்சி.

இனிகோ பிளெக்ஸைக் கீழே வைத்தான். பெருவிரலை நாக்கில் தொட்டு, அந்த அறுபதையும் மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்தான்.